படியேறினால் தலைவலி

அத்தைக்குத் தலைவலி படியேறும்போதுதான் வரும். உட்கார்ந்திருக்கையில் வந்ததில்லை. படுத்திருக்கையில் வந்ததில்லை. நோய் இன்னதென்று சொல்ல இந்தத் தகவல் ஒன்றே போதுமாக இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஒரு டாக்டர் வாய்ப்பதற்குத்தான் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

குன்னூரைத் தெரிந்தவர்களுக்குப் படி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் கீழே பள்ளத்தில் இருக்கும். வீடுகள் மேலே. வண்டி போகிற ரோடு வளைந்து வளைந்து ஏறும். நடக்கிறவர்கள் குறுக்கே வெட்டிய கல்படிகளில் ஏறுவார்கள். கடல் மட்டத்துக்குச் சுமார் 1,850 மீட்டர் மேலே இருக்கிற ஊர். மார்கழி, தை மாதத்துக் காலைகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் படியேறினால் பழக்கப்பட்டவர்களுக்கும் மூச்சு வாங்கும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான சில வருஷங்களில் மாமா தவறிப்போக, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சாயங்காலம் வீட்டிலும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தார்கள். எனக்குப் பள்ளிச் சீருடை வெளியில் தைத்ததே இல்லை. நான் சொல்ல வருவது 1990களின் கடைசியில் நடந்தது. அத்தைக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அதுவரை தலைவலி என்று ஒருநாளும் படுத்தவர் இல்லை.

சனிக்கிழமை மார்க்கெட்டுக்கு நானும் கூடப் போவேன். திரும்பும்போது ஒயர்கூடை என் கையில், கட்டைப்பை அவர் கையில். படியில் பாதி ஏறியதும் அத்தை நிற்பார். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பிடரியை அழுத்திப் பிடிப்பார். கண் மூடியிருக்கும். முகம் லேசாக வெளுத்திருக்கும். “என்னங்க அத்தை?” என்றால் “மண்ட இடிக்குது கண்ணு, கொஞ்சம் இரு” என்பார். பின்னந்தலையில் தொடங்கி உச்சி வரைக்கும் இறுக்கிக்கொண்டு வரும் என்று பிற்பாடு சொன்னார். இரண்டு மூன்று நிமிஷம் நிற்பார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி “போலாம் கண்ணு” என்று ஏறுவார். நெஞ்சைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நெஞ்சு வலிக்கவில்லையே, எதற்குத் தொடுவார்?

எங்கள் ஊரில் தலைவலிக்கு முதல் வைத்தியம் நீலகிரித் தைலம். ரோட்டோரக் கொட்டகைகளில் யூகலிப்டஸ் இலையைப் போட்டுக் காய்ச்சுகிற வாசனை தெரு முழுக்க அடிக்கும். பாட்டில் பாட்டிலாக வீட்டில் இருக்கும். அதைத் தேய்த்தார். சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டார். அமிர்தாஞ்சன் தடவினார். எதைச் செய்தாலும் கொஞ்ச நேரத்தில் வலி போய்விடும். சும்மா நின்றிருந்தாலும் அதே நேரத்தில் போயிருக்கும். ஆனால் எதையாவது தடவிவிட்டு வலி போனால், தடவியதற்குத்தானே நன்றி சொல்வோம்?

அடுத்துப் பழி கண்ணுக்குப் போனது. ராத்திரி பகலாகத் தைக்கிறவர், ஊசிக்கு நூல் கோக்கிறவர், தலைவலி வராமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். கண்ணாடி மாற்றியாயிற்று. அதன்பின் சைனஸ். குளிர்ப் பிரதேசம், மூக்கடைப்பு யாருக்குத்தான் இல்லை? ஆவி பிடித்தார். அப்புறம் கழுத்தெலும்புத் தேய்மானம். குனிந்து தைக்கிறவருக்கு அதுவும் பொருத்தமாகவே இருந்தது. பட்டையான காலர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு, வாசலிலேயே கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார். கோயம்புத்தூருக்குப் போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். மூளையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் இசிஜிகூட எடுத்தார்கள். படுக்க வைத்து எடுத்த இசிஜி. நார்மல்.

ஒரு விஷயத்தை அத்தையே கண்டுபிடித்திருந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுப் படியேறினால் தலை கட்டாயம் வலிக்கிறது, வெறும் வயிற்றோடு ஏறினால் பல நாள் வலிப்பதில்லை. ஆகவே இட்லியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். “பித்தம்க்கா உனக்கு” என்றார் அப்பா. பித்தத்துக்கு இஞ்சிச்சாறு வந்தது.

கடைசியாக ஒட்டிக்கொண்ட பெயர் மைக்ரேன். அதற்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரை தீர்ந்ததும், சீட்டு இல்லாமலேயே கடையில் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அந்த மாத்திரையைப் போட்ட நாட்களில் வலி அதிகமானதாக அத்தை சொன்னார். மாத்திரை போட்டு வலி கூடுமா என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பி.ஃபார்ம் படித்து மருந்தாளராக ஆனேன். அந்த மாத்திரையில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: எர்கோடமின். கம்பு, கோதுமை மாதிரித் தானியமான ரை என்ற பயிரின் கதிரில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து. ரத்தக் குழாய்களைச் சுருக்குவது அதன் குணம். மைக்ரேனுக்கு அந்தக் குணம் பயன்படுகிறது. ஆனால் அது தலையில் இருக்கும் குழாய்களோடு நிற்காது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களையும் சுருக்கும். 1990களில் பரவலான சுமாட்ரிப்டான் வகை மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இதயக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது. மைக்ரேன் என்று தவறாக நினைத்த இதயத் தலைவலிக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவிக்கிற இதயத்துக்கு வருகிற ரத்தமும் குறையும். அத்தை எத்தனை பெரிய ஆபத்தைத் தாண்டி வந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

எஸ்டேட் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா டாக்டர் மேல் குன்னூரில் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்தார். அத்தை அவரிடம் போனது தலைவலிக்காக அல்ல, விரலில் ஊசி ஏறிச் சீழ் கட்டியதற்காக. துணைக்கு நான் போயிருந்தேன். விரலைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டுக்கொண்டே, “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று டாக்டர் கேட்டார். அத்தை மைக்ரேன் மாத்திரையைச் சொன்னார்.

“எப்ப வருது தலைவலி?”

“படியேறும்போதுங்க.”

“தைக்கும்போது?”

“இல்லீங்க. நாள் பூரா தைச்சாலும் வராதுங்க.”

“நின்னுட்டா?”

“ரெண்டு மூணு நிமிஷத்துல கரைஞ்சு போயிருங்க. சாப்டுட்டு ஏறினா ஜாஸ்திங்க. பனி நாள்லயும் ஜாஸ்திங்க.”

டாக்டர் கட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார். தாடை வலிக்குமா என்று கேட்டார். எப்போதாவது கீழ்ப்பல் வரிசை கூசுகிற மாதிரி இருக்கும் என்றார் அத்தை. பல் டாக்டரிடம் காட்டலாம் என்றிருந்தாராம். சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேள்விகள் தொடர்ந்தன. என் தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, அறுபது வயதுக்குள் தூக்கத்திலேயே போனவர். பிரஷர் பார்த்தார். இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். பிறகு, “இது தலையில வர்ற நோய் மாதிரி எனக்குத் தெரியல. ஹார்ட்டைப் பார்க்கணும். அதுவரைக்கும் அந்த மைக்ரேன் மாத்திரையைத் தொடாதீங்க. படியேறாதீங்க” என்றார்.

“நெஞ்சு வலியே இல்லீங்களே டாக்டர்” என்றார் அத்தை.

“நெஞ்சுதான் வலிக்கணும்னு சட்டம் இல்லம்மா” என்றார் அவர்.

வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1768இல் லண்டன் மருத்துவர் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். 1772இல் அது அச்சானது. நடக்கும்போது, அதிலும் மேடேறும்போது, சாப்பிட்ட கையோடு ஏறினால் இன்னும் சீக்கிரமாக வரும் ஒரு நெஞ்சு இறுக்கத்தை அதில் விவரித்தார். நின்றதும் அது மறைந்துவிடும் என்பதையும் எழுதினார். இன்று ஆஞ்சைனா என்று நாம் சொல்வது அதைத்தான். அத்தையின் வலி அதே நேரத்தில் வந்து, அதே மாதிரிப் போனது. வலித்த இடம் மட்டும்தான் வேறு. அந்த டாக்டர் இடத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் நேரில் பார்த்த மிகப் பெரிய மருத்துவத் திறமை அந்த ஐந்து நிமிஷம்தான்.

கோயம்புத்தூரில் டிரெட்மில் டெஸ்ட். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்த முறை: மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, அத்தையை ஏற்றிவிட்டார்கள். முதல் கட்டம் சுலபமாகப் போயிற்று. இரண்டாவது கட்டத்தில் கை பிடரிக்குப் போனது. “வருதுங்க” என்றார். அதே சமயம் திரையில் ஓடிக்கொண்டிருந்த இசிஜி கோட்டின் ஒரு பகுதி கீழே இறங்கிக் கிடந்தது. இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அங்கிருந்த டெக்னீஷியன் அப்பாவிடம் காட்டினார். மெஷினை நிறுத்திப் படுக்கவைத்தார்கள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. கோடு மெல்ல மேலே வந்தது. “போயிருச்சுங்க” என்றார் அத்தை. தலைவலியும் இதயமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

ஆஞ்சியோகிராமில், இடது பக்கம் கிளைகள் பிரிவதற்கு முன்னால் இருக்கும் பிரதானக் குழாயிலேயே அடைப்பு என்று தெரிந்தது. அது முழுக்க மூடியிருந்தால் படியிலேயே உயிர் போயிருக்கும் என்றார்கள். பைபாஸ் ஆபரேஷன் செய்ய முடிவாயிற்று.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் நடந்த ஒன்றை நான் இன்றும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அத்தைக்கு நைட்ரேட் மாத்திரை நேரம் தவறாமல் கொடுத்துவந்தார்கள். ஒரு ராத்திரி தலை வலிக்கிறது என்று என்னை எழுப்பினார். நான் பதறி நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார். “பயப்படாத கண்ணு. இது அது இல்ல. அது பின்னால இருந்து இறுக்கும். இது நெத்திப்பொட்டுல டங்கு டங்குன்னு அடிக்குது. இது மாத்திரையோட வேலை.” நர்ஸ் வந்து இசிஜி எடுத்துப் பார்த்தார். அத்தை சொன்னது சரி. நைட்ரேட் ரத்தக் குழாய்களை விரிக்கும். தலையில் உள்ளவையும் விரியும். அதனால் வருகிற தலைவலி இந்த மருந்தில் மிகச் சாதாரணம். தலைவலியைப் போக்கியதும் அதே மருந்து, தலைவலியைக் கொடுத்ததும் அதே மருந்து. இரண்டையும் பிரித்துச் சொல்ல அத்தைக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. தன் வலியை அவர் கூர்ந்து கவனித்துவைத்திருந்தார்.

அந்த மருந்தின் கதை எனக்குப் பிடித்தமானது. 1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சோப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரினைத் தயாரித்தார். துளியளவு நாக்கில் வைத்துப் பார்த்தபோது தலை துடிதுடித்து வலித்ததைப் பதிவுசெய்தார். அதே பொருளை வைத்து ஆல்பிரட் நோபல் டைனமைட் செய்தார். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்டவர்களுக்கு, ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி பிடித்துக்கொள்ளும். இரண்டொரு நாளில் உடம்பு பழகிவிடும். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வரும். இதற்கிடையில் லண்டனில் வில்லியம் மரல் என்ற மருத்துவர் தானே அதைச் சுவைத்துப் பார்த்து, தலை தெறிக்கிற வலியை அனுபவித்து, அப்புறம் ஆஞ்சைனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1879இல் லான்செட் இதழில் எழுதினார். கடைசியில் நோபலுக்கே இதய வலி வந்து, 1896இல் அவருக்கும் நைட்ரோகிளிசரினைத்தான் மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள். அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பது அதற்குப் பிறகும் வெகுகாலம் விளங்கவில்லை. அதிலிருந்து பிரிந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் குழாய்களைத் தளர்த்துகிறது. நம் உடம்பும் அந்த வாயுவைத் தானாகச் சுரக்கிறது. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரையைப் பற்றி டாக்டர் விளக்கியபோது அப்பா கேட்டார்: “நைட்ரோகிளிசரினா? நம்ம அருவங்காட்டு கார்டைட்ல போடறதுங்களா?” அவர் கேட்டது சரியான கேள்வி. குன்னூருக்குச் சில கிலோமீட்டரில் இருக்கிறது அருவங்காடு. அங்குள்ள தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் என்ற வெடிமருந்தில் நைட்ரோகிளிசரின் முக்கியமான ஒரு மூலப்பொருள். “அதோட தம்பின்னு வெச்சுக்குங்க” என்றார் டாக்டர். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் நைட்ரேட் குடும்பம்தான். வெடிக்குமோ என்று அப்பா கொஞ்ச நாள் அந்த டப்பாவைத் தூக்கும்போதுகூட ஜாக்கிரதையாகத் தூக்குவார். மாத்திரையில் இருக்கும் அளவுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது.

இதயத்தின் வலி தலைக்கு எப்படிப் போகிறது? இதயத்திலிருந்து கிளம்பும் உணர்வு நரம்புகளில் ஒரு பகுதி முதுகுத் தண்டின் மேல் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. நெஞ்சும் இடது கையும் வலிப்பது அந்த வழியால். இன்னொரு பகுதி வேகஸ் நரம்பின் வழியாக மூளையின் அடித்தண்டுக்கும் கழுத்துத் தண்டுவடத்துக்கும் போகிறது. முகம், தாடை, தலை ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுவரும் நரம்புகளும் அதே அக்கம்பக்கத்தில்தான் வந்து சேர்கின்றன. எஸ்டேட் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தபால் பெட்டி இருக்கும். யாருக்கு வந்த கடிதம் யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதுபோல இதயம் அனுப்பிய சேதியைத் தலையிலிருந்து வந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது. மாரடைப்பில் தாடையும் பல்லும் வலிப்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். தலை அதற்குச் சற்று மேலே, அவ்வளவுதான். வேறு விளக்கங்களும் உண்டு. இதயம் திணறும்போது அதற்குள் அழுத்தம் கூடி, மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வருவது தடைபட்டு, மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பது ஒன்று. ரத்தம் போதாத இதயத் தசை வெளிவிடும் ரசாயனங்கள் தலையின் குழாய்களைப் பாதிக்கின்றன என்பது இன்னொன்று. எது எவ்வளவு என்று மருத்துவ உலகம் இன்னும் முடிவு கட்டவில்லை.

இந்தத் தலைவலிக்குத் தனிப் பெயர் வைத்து 1997இல் நியூராலஜி இதழில் எழுதியவர்கள் ரிச்சர்ட் லிப்டனும் அவருடைய சகாக்களும். கார்டியாக் செஃபலால்ஜியா, அதாவது இதயத் தலைவலி என்று இன்று அதைச் சொல்கிறார்கள். உலகத் தலைவலிச் சங்கம் 2004இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்கு இடம் கிடைத்தது. இதயத்துக்கு ரத்தம் குறையும்போது வருவது, அந்தக் குறை தீரும்போது மறைவது, உழைப்பால் கூடுவது, நைட்ரோகிளிசரினுக்குக் கட்டுப்படுவது ஆகியவை அதன் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. மேல் குன்னூர் டாக்டர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை.

இது அரிதான நோய் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தலைவலி வந்தவர்கள் எல்லாம் இதய டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. பெரும்பாலான தலைவலி மைக்ரேன், அல்லது மன இறுக்கத்தால் வருவது. பிரஷர் ஏறினால் தலை வலிக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். சாதாரண அளவில் கூடியிருக்கும் பிரஷர் தலைவலி எதையும் தராமல் சத்தமில்லாமல்தான் இருக்கும். 180க்கு மேல் எகிறும்போது வருகிற தலைவலி வேறு. வாழ்க்கையில் இதுவரை வராத அளவுக்கு, ஒரே நொடியில் இடி விழுந்த மாதிரி வருகிற தலைவலி இன்னும் வேறு. அது மூளையில் ரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அத்தைக்கு வந்தது இவை எதிலும் சேராதது. உழைத்தால் வரும், ஓய்ந்தால் போகும். உழைப்பால் வருகிற தலைவலியிலும் எல்லாமே இதயத்தைச் சேர்ந்தவை அல்ல. எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. அறுபது வயது ஆண் ஒருவர் படியில் நின்று நெஞ்சைப் பிடித்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒரு பெண் படியில் நின்று பிடரியைப் பிடித்தால், வேலை அதிகம், தூக்கம் இல்லை, மாதவிடாய் நிற்கிற வயது, டென்ஷன் என்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போதும் நெஞ்சுவலிதான் அதிகம். ஆனாலும் மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, சொல்ல முடியாத அசதி என்று வேறு வடிவங்களில் வருவதும் ஆண்களைவிட அவர்களுக்குக் கூடுதல். அவர்களும் அதைச் சொல்லத் தயங்குகிறார்கள். அத்தை படியில் நிற்கும்போது யாராவது கடந்துபோனால், கண்ணைத் திறந்து பள்ளத்தில் தெரியும் மார்க்கெட்டைப் பார்ப்பதுபோல நிற்பார். தனக்காக இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வலியைவிட அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலிலிருந்து எடுத்த குழாயையும் நெஞ்சுக்குள்ளிருந்த குழாயையும் வைத்து மாற்றுப் பாதை போட்டார்கள். சில மாதங்கள் கழித்துப் படியேறிப் பார்த்தார். தலை வலிக்கவில்லை. டிபன் பாக்ஸ் தூக்குவது நின்றது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். பணி ஓய்வு வரை தையல் டீச்சராகவே இருந்து, எழுபதைத் தாண்டி வாழ்ந்து, இதயத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு நோயில் போனார்.

மருந்துக் கடையில் நின்று வேலை பார்த்த வருஷங்களில் “தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க” என்று ஒரு நாளில் பல பேர் கேட்பார்கள். கொஞ்சம் வயதானவராக இருந்தால் “எப்பங்க வருது?” என்று கேட்பேன். சிலர் எரிச்சல்படுவார்கள். பெரும்பாலோர் வெயில், தூக்கம், கண் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனாலும் கேட்பதை நான் விடவில்லை. எர்கோடமின் சேர்ந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

இதைப் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தலைவலி தொடங்கினால், அது எந்த நேரத்தில் வருகிறது, என்ன செய்துகொண்டிருக்கும்போது வருகிறது, எப்படிப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதிவையுங்கள். நடந்தால், படியேறினால், தண்ணீர்க் குடம் தூக்கினால் வந்து, ஓய்ந்தால் போகிறது என்றால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுத்த இசிஜி நார்மல் என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். உழைப்பில் வைத்துச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துப் பார்க்காதீர்கள், பிரஷர் திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரும். ஏற்கெனவே நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் தலை வலிக்கிறதே என்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். தலைவலியோடு மூச்சுத் திணறலோ குளிர்ந்த வியர்வையோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்தால் எதற்கும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ அடிக்கடி தலைவலி என்று சொன்னால், தைலத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன், எப்போது வருகிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.